பாலைமரத்து வளைவில் ஒரு பெருமூச்சு

அத்தியாயம் ஏழு

கட்டை கைக்கு வந்த பிறகுதான் திரவியத்துக்கு விஷயம் முழுதாக உறைத்தது. முக்கோணமாகச் செதுக்கிய பலாக்கட்டை. ஒரு பக்கத்தில் டயர் பதிந்த தடம். தடத்தின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு கறை. அந்தக் கறையை மட்டும் பார்க்காமலிருக்க அவன் ஆன மட்டும் முயன்றான்.

"இதை வச்சு நான் என்ன செய்யணும் சாமி?"

"லாரி ஏத்தத்துல நின்னா பின்னாடி உருளும் இல்லையா? உருள்றதுக்கு முன்னாடி நீர் குதிச்சு, பின்சக்கரத்துக்கு அடியில இதைச் சொருகணும். அவ்வளவுதான் வேலை," என்றார் துப்பறியும் பட்டாபி.

"போன வெள்ளிக்கிழமை இந்த அவ்வளவுதான் வேலையைச் செய்த ராஜமணி, கால் நசுங்கி ஆஸ்பத்திரியிலே கிடக்கான்."

"அவன் குதிச்சது லேட், ஓய்."

"நான் குதிக்காமலே இருந்தா லேட்டே ஆகாதுல்லா?"

பட்டாபி கோட்டின் காலரைச் சரிசெய்தார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அது அவர் வழக்கம். கரமனை அக்ரஹாரத்தில் அவர் வீட்டு வாசலில் 'துப்பறியும் நிபுணர்' என்று மூன்று பாஷைகளில் பலகை தொங்குகிறது. மூன்றிலும் அவர் பெயரைவிட நிபுணர்தான் பெரிது. இதுவரை அவர் துப்பறிந்தவை ஒரு வெள்ளிக் கூஜாவும், வீட்டைவிட்டு ஓடிப்போன ஒரு மாப்பிள்ளையும். கூஜா திரும்பி வந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த திரவியம் அவருடைய உதவியாளன். சம்பளத்துக்குப் பதிலாக அனுபவம் கிடைக்கும் என்று அவனைச் சேர்த்திருந்தார். அனுபவம் இன்று கட்டை வடிவில் வந்திருந்தது.

கல்லாற்றில் மலைப்பாதை தொடங்குமிடத்தில் லாரி நின்றிருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட, பெட்ரோலில் ஓடும் லாரி. பொன்முடி தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகும். உடைமைக்காரர் தர்மசிரோமணி தாணுமாலயன் பிள்ளை. அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கிய சபைக்கு அவரே தலைவர். வழங்கும்போது கண்கலங்கியதாகவும், வாங்கும்போது தழுதழுத்ததாகவும் கேள்வி.

கேஸ் இதுதான். சில வாரங்களாக வெள்ளிக்கிழமைதோறும், கல்லாற்றுக்கு மேலே பாலைமரம் நிற்கும் வளைவில் லாரி இருமி, விக்கி, நின்றுவிடுகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறுவதில்லை. பம்பின் அடியிலிருக்கும் கண்ணாடிக் கிண்ணம் காலியாகிவிடுகிறது. தம்பானூர் ஒர்க்‌ஷாப்பில் பம்பின் ஜவ்வை மாற்றினார்கள், குழாயை ஊதினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், மீட்டர் வைத்துப் பிரஷர் பார்த்தார்கள். பிரஷர் அம்சமாக இருந்தது. அங்கே ஒரு குறையும் இல்லை. மலையில் மட்டும் மூச்சு நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை நின்றது மட்டுமல்ல, பின்னால் உருண்டு கிளீனர் ராஜமணியின் கால்மேல் ஏறிவிட்டது.

பிள்ளைவாள் உடனே முடிவுக்கு வந்துவிட்டார். டிரைவர் பூதலிங்கம் வேண்டுமென்றே பெட்ரோல் குழாயை அடைத்திருக்கிறான். ராஜமணி அவனுடைய மைத்துனன், வீட்டுச் சண்டையை ரோட்டில் தீர்த்துக்கொண்டான் என்று போலீசில் புகார் கொடுத்தார். அதை நிரூபித்துத் தரவே பட்டாபியை அமர்த்தினார். இன்று சாயங்காலத்துக்குள் நிரூபணமானால் பூதலிங்கம் உள்ளே போவான். அதுவரை அவனை வெளியே விட்டிருந்ததற்குக் காரணமும் தர்மசிரோமணிதான். தோட்டத்து அரிசி காத்திருந்தது. அந்த லாரியை ஓட்ட வேறு எவனும் முன்வரவில்லை.

காலையில் தம்பானூரில் லாரி கிளம்பும்போது பூதலிங்கத்தின் மனைவி சரோஜம் திரவியத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எந்தம்பிக்கு ஒரு காலு போச்சு. இவியளும் ஜெயிலுக்குப் போனா எனக்கு ரெண்டு காலும் போனதாக்கும். சத்யமாட்டு இவிய அப்படிச் செய்யமாட்டாவ."

அவன் அப்போது ஏதோ வேடிக்கை சொல்லிச் சமாளிக்கப் பார்த்தான். "நான் பாத்துக்கிடுதேன்" என்றுதான் வாயில் வந்தது. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கல்லாற்றில் பிள்ளைவாளின் கிடங்கு. வெள்ளிக்கிழமைதோறும் காரில் வந்து, முன்னால் நின்று, பீப்பாயிலிருந்து டாங்கில் விளிம்பு தட்டப் பெட்ரோல் ஊற்றச் செய்வார். மூடியைத் தானே திருகுவார். பிறகு ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு வந்து லாரிக்குப் பூஜை. இந்த வெள்ளிக்கிழமையும் நெய்விட்டுக் குழைத்த சந்தனத்தை முன்முகத்தில் அப்பினார், விளக்குகளில் அப்பினார், சக்கரங்களில் அப்பினார். கடைசியாக டாங்கு மூடியில் தோசை கனத்துக்கு ஒரு பொட்டு வைத்து அதன்மேல் ஒரு துளசி இலையையும் பதித்தார்.

"அன்னம் இறங்குத வாயில்லா! அதுக்குத்தான் ஸ்பெஷல்," என்றார். "ஆயுத பூஜையிலே இருந்து ஒரு வெள்ளிக்கிழமை தப்பவிட்டது கிடையாது. மத்த நாளு நான் வாறதில்லே. இவனுவ வெறும் தேங்காயை உடைச்சிட்டுப் போயிருவானுவ. பக்தி வேண்டாமா?"

அவர் வாழ்த்தோடு ஒரு தேங்காய் சிதறியது. கிளம்புமுன் பட்டாபி தன் பொறியை வைத்தார். டிரைவர் காலடியில் பெட்ரோல் குழாயைத் திறந்து மூடும் திருகு ஒன்று உண்டு. அதைத் திறந்தபடியே வைத்து, சிவப்பு நூல் சுற்றி, அரக்குக் காய்ச்சி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார்.

"இப்போ லாரி நின்னா முத்திரை உடைஞ்சிருக்கணும். உடைஞ்சா பூதலிங்கம் குற்றவாளி. நிக்காட்டா, பயந்துண்டு சும்மா இருந்திருக்கான். அப்பவும் அவன்தான் குற்றவாளி," என்று திரவியத்தின் காதில் சொன்னார்.

"நின்னு, முத்திரையும் உடையாம இருந்தா?"

பட்டாபி காலரைச் சரிசெய்தார்.

லாரி முனகிக்கொண்டு ஏறியது. நண்பகல்தான், ஆனாலும் மேலேயிருந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததின் அடியில் எங்கேயோ ஆறு இரைந்தது. கட்டையை மடியில் வைத்து விளிம்பில் உட்கார்ந்திருந்த திரவியத்துக்கு, தன் இரண்டு கால்களும் இதற்குமுன் எப்போதும் இல்லாத அளவுக்கு அருமையாகத் தெரிந்தன.

பூதலிங்கம் முன்கண்ணாடியைவிட்டுக் கண்ணெடுக்காமல் பேசினான். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, அங்க நின்னா எறங்கினதும் எம் பக்கம் வராதீங்க. அது டாங்குக்குப் பக்கத்திலேயாக்கும் நிக்கும்."

"எது?"

"பாலைமரத்து யட்சி. எஞ்சினு நின்னதும், பெட்ரோலு கெடக்கான்னு கம்பு விட்டுப் பாக்க அங்க போவேன். அப்பம் காதுக்குப் பக்கத்திலே ஒரு பெருமூச்சு விடும். 'ஹ்ஸ்ஸ்'ஸுன்னு. ஒவ்வொரு தடவையும். பொய்யில்லே."

"பின்னே?"

"கம்பு விட்டா டாங்கு நெறைய கெடக்கும். பேடிச்சு ஓடியாந்து பம்பை அடிச்சா வண்டி ஸ்டார்ட் ஆயிரும். பெருமூச்சு விட்டாச்சுல்லா, அவளுக்குத் திருப்தி."

"மூட நம்பிக்கை!" என்றார் பட்டாபி. சொல்லிவிட்டுத் தன் பூணூலைச் சட்டைக்குமேல் ஒருமுறை தடவிக்கொண்டதைத் திரவியம் பார்த்தான். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று அவனுக்குப் பட்டது.

வளைவுக்குப் பின் வளைவு. பின்பு மஞ்சுக்குள்ளிருந்து ஒரு மரம் கை நீட்டியது. பாலைமரம்.

லாரி இருமியது.

"வந்தாச்சு," என்றான் பூதலிங்கம். மிகவும் மெதுவாகத்தான் சொன்னான்.

இன்னொரு இருமல். ஒரு விக்கல். அப்புறம் எஞ்சின் செத்து, ஆற்றின் இரைச்சல் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு கணம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு அத்தனை அரிசி மூட்டைகளும் தங்களுக்குள் ஏதோ முடிவு செய்துகொண்டதுபோல, பூதலிங்கம் மிதித்த பிரேக்கையும் மீறி, லாரி பின்னோக்கி நகரத் தொடங்கியது.

"கட்டை!" என்று அலறினார் பட்டாபி.

திரவியம் குதித்தான். தைரியத்தால் என்று யாரும் எண்ண வேண்டாம். உள்ளே இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. ஈர ரோட்டில் முழங்கால் தேய, உருண்டு வரும் டயருக்குக் கீழே கட்டையைத் தள்ளிவிட்டுக் கையைப் பிடுங்கினான். டயர் கட்டைமேல் ஏறியது, யோசித்தது, நின்றது. கட்டை நரநரவென்று இரண்டு விரல்கடை வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்குப் பின்னால் ரோடு ஓர் ஆள் நீளம், அதற்கப்புறம் மஞ்சு.

அவன் கைக்கெட்டிய கல்லையெல்லாம் பொறுக்கி அடை கொடுத்தான். அப்போதுதான் கீழ்ச்சரிவில் மூங்கில் முறியும் ஓசை கேட்டது. படார். சிறிது இடைவெளி. படார். யாரோ சாவகாசமாக முறிக்கிறார்கள். காற்றில் தொழுவத்து நாற்றம்.

பூதலிங்கம் தலையை நீட்டி வாயசைத்தான்: "ஒத்தையான்."

கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஒற்றை ஆனை. சத்தம் கேட்டால் வரும். அந்த நிமிஷத்திலிருந்து மூன்று பேரும் ரகசியம் பேசும் குரலில்தான் பேசினார்கள்.

பட்டாபி காலடியில் குனிந்து முத்திரையைப் பார்த்தார். நூல் அறவில்லை. அரக்கு உடையவில்லை. அவருடைய மோதிரத்தின் பிள்ளையார் சௌக்கியமாக இருந்தார். பட்டாபியின் முகம்தான் சௌக்கியமாக இல்லை. கோட்டுக்குள் அவர் ஒரு சுற்றுச் சிறுத்துப்போனது போலத் தெரிந்தது.

"ஓய்... இவன் பண்ணலை."

"அதை எங்கிட்ட எதுக்கு சொல்லுதீய? ஆனைகிட்ட சொல்லுங்க."

நிபுணரே பயந்துவிட்டார் என்று தெரிந்ததும் திரவியத்திடம் மிச்சமிருந்த தைரியமும் கழன்றது. இதுவரை அவருடைய அசட்டு நம்பிக்கையைக் கேலி செய்துகொண்டே அதில்தான் அவன் சாய்ந்திருந்தான்.

மூங்கில் மறுபடி முறிந்தது. இம்முறை பக்கத்தில். கட்டை ஒரு நூலளவு வழுக்கியது.

"நான் போயி கம்பு விட்டுப் பாக்கேன்," என்று பூதலிங்கம் இறங்கி டாங்குப் பக்கம் போனான். "எப்பவும் அப்படித்தானே சரியாகும். அவ பெருமூச்சு விட்டுட்டா..." கையை மூடிமேல் வைக்கப் போனான்.

"தொடாதே!"

பட்டாபியின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சரிவில் முறிக்கும் ஓசை நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் ஒரு நிசப்தம்.

"சாமி, ஒம்மைக் கும்பிடுதேன்," என்று சக்கரத்தடியிலிருந்து திரவியம் முனகினான். "துப்பறியுறதெல்லாம் கல்லாத்திலே போயி வச்சுக்கிடலாம். அவன் தொறக்கட்டும்."

"அவன் திறந்துதான் ஒவ்வொரு தடவையும் தடயம் அழிஞ்சு போறது, ஓய்! யோசிச்சுப் பாரும். கம்பு விடணும்னா மூடியைத் திறக்கணும். திறந்தா வண்டி பிழைச்சுக்கறது. தம்பானூர்ல வைத்தியம் பாத்தவனும் முதல்ல டாங்குல எண்ணெய் இருக்கான்னு மூடியைத் திறந்துதானே பாத்திருப்பான்? எவன் பார்க்க வந்தாலும், பார்க்கறதாலயே வியாதி ஓடிப்போயிடறது!"

அவர் கால்விரலால் நடந்து டாங்குப் பக்கம் வந்து, மூக்கு படும்படிக் குனிந்தார். சக்கரத்துப் பொட்டைப் பார்த்தார். திரும்பி மூடியின் பொட்டைப் பார்த்தார்.

"பூதலிங்கம், முன்விளக்குப் பொட்டு எப்படி இருக்கு?"

"பொட்டு... பொட்டு மாதிரித்தான் இருக்கு சாமி."

"மேடா இருக்கா?"

"மேடாட்டுத்தான் இருக்கு."

"இங்கே பார்."

மூடியின் பொட்டு மட்டும் நடுவில் குழிந்திருந்தது. துளசி இலை தொப்புள்போல உள்நோக்கி இழுபட்டு, விளிம்பு சுருங்கி, இறுகப் பிடித்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ உதடு குவித்து அதை உறிஞ்சிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"இப்போ திற. மெதுவா."

பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு திருகினான். முக்கால் திருகு.

ஹ்ஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமான, களைத்துப்போன, ஒரு பெண்ணுடைய பெருமூச்சு. பூதலிங்கம் மூடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேவிட்டான்.

"ஆச்சு! யட்சி இதுதான்," என்றார் பட்டாபி. மூடியைக் கையிலெடுத்து, துளசி இலை கலையாமல் சந்தனத்தை நகத்தால் ஒருபுறம் நெம்பினார். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. "பெட்ரோல் குறையக் குறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும். வர்ற வழி இது ஒண்ணுதான். இதை அடைச்சா பம்ப் எத்தனை இழுத்தாலும் டாங்கு விடாது. விளிம்பு தட்ட ஊத்தினா உள்ளே காத்துக்கே எடம் இல்லை, அதனால சீக்கிரமே திணறிடறது. ஒரே அளவு எண்ணெய், ஒரே ஏத்தம், ஒரே வளைவு. திறக்கற கையிலே சந்தனம் ஒட்டிண்டு போயிடறது. அப்புறம் ஒரு தடயமும் இல்லை."

"அப்பம் சந்தனம் வச்சது..." என்று இழுத்தான் பூதலிங்கம்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரை யாரும் சொல்லவில்லை. பட்டத்தோடு சொல்ல வேண்டிய பேர்.

பூதலிங்கம் பம்பின் கைநெம்புகோலை அடித்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் குமிழியிட்டு ஏறியது. அதே சமயம் பின்னால், ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால், மஞ்சு கறுத்தது. கறுத்து, காதாட்டியது.

திரவியத்துக்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் தான் எப்படி வண்டிக்குள் வந்தோம் என்பது நினைவில்லை. கட்டையைக்கூட உருவிக் கையோடு கொண்டுவந்திருந்தான். எஞ்சின் உறுமியது. ஒற்றையான் அந்த உறுமலை மரியாதையோடு கேட்டது. ரோட்டைக் கடந்து மேலே காட்டுக்குள் போய்விட்டது. லாரி உருண்டிருக்க வேண்டிய இடத்தில் அதன் காலடிகள் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தன.

மேலே அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பிக் கல்லாற்றுக்கு இறங்கினார்கள்.

கிடங்கு வாசலில் தர்மசிரோமணி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சப் இன்ஸ்பெக்டர். கைவிலங்கு மேஜைமேல், இளநீர்களுக்கு நடுவே.

"நின்னுதா? பாத்தீயளா?" பிள்ளைவாள் எழுந்தார். "முத்திரை உடைஞ்சுதா? ஏமான், பிடியுங்க அவனை!"

பூதலிங்கம் பின்வாங்கினான். ஆனைக்கு வெளுக்காத அளவு இப்போது அவன் முகம் வெளுத்தது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் பட்டாபி. கோட்டு மறுபடி அவர் அளவுக்கு வந்திருந்தது. ஓர் இளநீரை எடுத்துச் சிறிதாக ஓட்டை போடச் சொன்னார். ஒரு பப்பாளித் தண்டை அதில் செருகி, இடுக்கு முழுவதும் பிள்ளைவாளின் நெய்ச் சந்தனத்தாலேயே பூசி, அவரிடமே நீட்டினார். "களைச்சிருப்பேள். தாக சாந்தி பண்ணிக்கோங்கோ."

தர்மசிரோமணி கம்பீரமாக உறிஞ்சினார். ஒரு வாய் வந்தது. அரை வாய் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. விடுவாரா? கன்னம் இரண்டும் குழிந்தன. கண் பிதுங்கியது. நெற்றியின் சந்தனப் பொட்டு வியர்வையில் வழிந்தது. இளநீர் அசையவில்லை.

"இழுங்க மொதலாளி, நல்லாட்டு இழுங்க," என்று ஊக்கினான் திரவியம். "பம்புக்கு ஜவ்வு போச்சோ என்னவோ!"

பட்டாபி கத்திமுனையால் இளநீரின் பக்கத்தில் ஒரு குத்து விட்டார்.

ஹ்ஸ்ஸ்...

வாயில் பீறிட்ட இளநீரில் பிள்ளைவாள் புரையேறித் துள்ளினார்.

பட்டாபி டாங்கு மூடியைக் கழற்றிக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். துளசி இலை இன்னும் தொப்புளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கும் அதுதான் நடந்தது. லாரியோட மூச்சை அடைச்ச கை எதுன்னு முத்திரை போடாமலேயே தெரியறது. வேற எந்த நாள்லயும் அந்தக் கை இங்கே வரதில்லை."

சப் இன்ஸ்பெக்டர் இலையைப் பார்த்தார், இளநீரைப் பார்த்தார், கடைசியாகப் பிள்ளைவாளின் விரல்களைப் பார்த்தார். ஐந்திலும் சந்தனம்.

"அப்போ பிள்ளே," என்றார் அவர், மலையாளமும் தமிழுமாக. "இந்தப் பராதியை வாபஸ் வாங்குதீரா? அல்லெங்கில், பராதி இருக்கட்டும், பிரதியோட, அதாவது குற்றவாளியோட, பேரை மாத்திரம் மாத்தட்டுமா?"

"நான்... நான் பக்தியிலேயாக்கும்..."

"ராஜமணியோட காலுகிட்ட சொல்லும்," என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

கைவிலங்கு மேஜையிலிருந்து அவருடைய பைக்குள் போனது. அந்தச் சிறு ஓசையைக் கேட்டுத்தான் பூதலிங்கம் மூச்சு விட்டான். சாயங்காலம் தம்பானூரில் சரோஜம் வந்து நிற்பாள் என்பது நினைவுக்கு வந்து, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நேரமும் அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இருந்தாலும் அரிசி மேலே போயாகணுமே," என்றார் பிள்ளைவாள். பழக்கதோஷத்தில் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லாரியை நெருங்கினார்.

பூதலிங்கம் மேஜையிலிருந்த மூடியை எடுத்து, ஒரே எட்டில் போய் டாங்கில் திருகி, அதன்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டான். "மொதலாளி, நெத்தியிலே வைங்க, எவ்வளவு வேணும்னாலும் வைங்க. மூக்கிலே மட்டும் வைக்காதீங்க."

"சரி, சரி. கிளம்பு."

"நான் ஓட்டுதேன். கிளீனருக்கு யாரு?"

எல்லோரும் திரவியத்தைப் பார்த்தார்கள். திரவியம் தன் கையைப் பார்த்தான். கட்டை இன்னும் அங்கேயே இருந்தது. நாலு எட்டு வைத்து, தர்மசிரோமணியின் காலியாக இருந்த கையில் அதை மரியாதையாக வைத்தான்.

"அவ்வளவுதான் வேலை மொதலாளி. கொஞ்சம் சீக்கிரமாக் குதிச்சாப் போதும். அந்தக் கறை இருக்குத பக்கம் கீழே வரணும், பாத்துக்கிடுங்க."

சப் இன்ஸ்பெக்டர் லாரிக் கதவைத் திறந்து பிடித்தார். ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் கட்டையுமாக நின்ற பிள்ளைவாள், மஞ்சு மூடிய மலையை அண்ணாந்து பார்த்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

பூதலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பி, மலைமேல் பாலைமரம் நிற்கும் பக்கம் பார்த்தான்.